சுவர்ப் பக்கம்

மெக்கெலே ஊரில் புருஷன் பெண்டாட்டி ஒரே தட்டில்தான் சாப்பிடுவார்கள். தட்டு நிறைய விரித்த இஞ்சேரா ரொட்டி, நடுவில் பருப்புக் குழம்பு. அவரவர் பக்கத்தில் பிய்த்துக்கொள்ள வேண்டியது. போரிலிருந்து திரும்பிய கஹ்ஸாய் மனைவி அப்ரஹெத்தின் முகத்தைப் பார்த்துச் சாப்பிட்டதே இல்லை. தட்டைத்தான் பார்ப்பான். ஆள் உட்காராத சுவர்ப் பக்கத்திலும் ரொட்டி தினமும் குறைந்தது.

"சுவத்துப் பக்கத்தையும் விட்டு வைக்கிறதில்லையா? பட்டாளத்துப் பழக்கமா?" என்று அப்ரஹெத் கேலி செய்வாள்.

"பசி" என்பான். அவன் கை அந்தப் பக்கம் போனதே கிடையாது. பொய் சொல்லும்போது காது சுடும்.

இன்று மதியம் அவள் ஒரு கவளம் சுருட்டி, கல்யாணத்தன்று போல அவனுக்கு ஊட்டினாள். ஒன்றோடு நிறுத்துவது அவமரியாதை. இரண்டாவதும் ஊட்டியாக வேண்டும். அவள் இன்னொன்று சுருட்ட, அவன் மறுபடி வாயைத் திறந்தான்.

"இது உங்களுக்கு இல்ல" என்றாள். "மெஹாரிக்கு ஒண்ணுதான் ஊட்டினீங்களாமே. ரெண்டாவத நீங்களே தின்னுட்டீங்களாமே."

பதுங்குகுழியில் அடிபட்டுக் கிடந்த பட்டாளத்துக் கூட்டாளி மெஹாரி, அந்த இரண்டாவது கவளத்துக்காக வாயைத் திறந்தபடியே செத்துப்போனான். கஹ்ஸாய் அதை யாரிடமும் சொன்னதில்லை.

"யாரு சொன்னா?"

அவள் கவளத்தைச் சுவர்ப் பக்கம் நீட்டினாள். "ஆ காட்டுங்க, தம்பி."

விரல்கள் வெறுமையாகத் திரும்பின. ஈரமாக இருந்தன. பாவாடையில் துடைத்துக்கொண்டாள்.

"உங்களத்தான் பாக்குறாரு. கொஞ்சம் நிமிந்து பாருங்க."

கஹ்ஸாய் தட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.