கழுத்துப்பட்டையில் என் குரல்

மார்ச் 4, 2061. இன்று ஒரு சிறு பிழை செய்தேன். எங்கள் கமிட்டியின் மாலை வகுப்பில் சொல்லித்தந்தபடி மாறப்பனின் கழுத்துப்பட்டையில் என் குரலைப் பதியும்போது, "கொஞ்சம் சீக்கிரம் தையுடா" என்று சொல்லிவிட்டேன். அதட்டலுக்குள் அந்தக் "கொஞ்சம்" எப்படி வந்ததென்று தெரியவில்லை. அழித்துவிட்டுத் திரும்பப் பதிந்தேன்.

பல வருடம் அந்தப் பட்டைகள் எங்கள் கழுத்தில் கிடந்தன. தையல் மெஷினில் கை நின்றால் பட்டை சூப்பர்வைசர் மாறப்பன் குரலில் அதட்டும். தூக்கத்திலும் எனக்கு அது கேட்கும். போன மாதம் தொழிலாளர்கள் சேர்ந்து கம்பெனியைக் கைப்பற்றினோம். பக்கத்து மெஷின் செண்பகா பட்டைகளை எரிக்கச் சொன்னாள். "எதுக்கு? அவனுக்கு மாட்டலாம்" என்று நான்தான் சொன்னேன். எல்லோரும் கைதட்டினார்கள்.

இன்று மாறப்பன் மெஷினை நிறுத்தி என்னிடம், "ஏனுங்க அம்மிணி, தண்ணி குடிச்சுட்டு வந்துர்றனுங்க" என்று கெஞ்சினான். அவன் கழுத்திலிருந்து என் குரல் அதட்டியது. கேட்க இனித்தது. செண்பகா ஓடிவந்து பட்டையைக் கழற்றிவிட்டாள்.

உடனே கமிட்டி கூடி, அதை அவளுக்கே மாட்ட முடிவு செய்தது. நானும் கை தூக்கினேன். சரிதானா என்று இன்னும் யோசிக்கிறேன்.

செண்பகா என்னைப் பார்த்துச் சிரித்தாள். "மாறப்பன் குரலையே வெச்சுரு கண்ணு. அது எனக்குப் பழகிப்போச்சு."

நாளை ஷிப்டுக்கு முன், செண்பகாவின் பெயரைச் சொல்லி என் குரலைப் பதிய வேண்டும். "கொஞ்சம்" வரக்கூடாது.