சவுக்குத்தோப்பு நரி

"செத்துக் கெடந்த நரிம்மா. சவுக்குத்தோப்புல பாத்தேன். இது அது மேல ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. நானே என் கையால புடுங்கியாந்தேன்."

பூவம்மாள் நீட்டிய மூக்குப்பொடி டப்பாவுக்குள், ரத்தம் குடித்து உப்பிய உண்ணி ஒன்று மெல்லக் காலை ஆட்டிக்கொண்டிருந்தது. சிந்துஜாவுக்குக் கை பரபரத்தது.

அவள் அண்ணாமலை நகரில் ஆராய்ச்சி மாணவி. பிச்சாவரம் பக்கத்துக் காட்டு விலங்குகளின் ரத்தத்திலும் உண்ணியிலும் காய்ச்சலைக் கொண்டுவரும் கிருமி இருக்கிறதா என்று தேடுவதுதான் அவள் வேலை. கீரி, மரநாய், பெருச்சாளி என்று கூண்டில் விழுந்த எதையும் அவள் விட்டுவைக்கவில்லை. கிருமி மட்டும் கண்ணில் படவே இல்லை. நரியோ கூண்டுப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. நரி என்றால் சும்மாவா!

"ஒரு கிருமியாவது காட்டும்மா. இல்லேன்னா இந்த மாசத்தோட மூட்டை கட்டிட வேண்டியதுதான்" என்று பேராசிரியர் ராமாமிர்தம் சொல்லிவிட்டார். மூட்டை கட்டினால் அவளுடைய டாக்டர் பட்டமும் அதற்குள்ளேயே போய்விடும். ஊரில் அப்பா வேறு ஜாதகத்தைக் கையில் எடுத்துவிட்டார்.

"நரி எங்கக்கா? ரத்தமும் கொஞ்சம் எடுத்துக்கறேன்."

"அத நாய்ங்க இழுத்துக்கினு போயிடுச்சுங்க. நீ இத மட்டும் பாரு டாக்டரம்மா. எப்ப தெரியும்?"

"ரெண்டு மூணு நாள் ஆகும்க்கா."

"அவ்ளோ நாளா? சீக்கிரம் பாரும்மா. உனக்குப் புண்ணியமாப் போவும்."

தன் படிப்பின் மேல் ஊர்க்காரி ஒருத்திக்கு இவ்வளவு அக்கறையா என்று சிந்துஜா நெகிழ்ந்து போனாள். நரியைக் கண்ணால் பார்க்காமல் நரி என்று எழுதலாமா என்று மனசாட்சி லேசாக முனகியது. ஆபத்துக்குப் பாவமில்லை என்று அதை அடக்கிவிட்டு, டப்பாவின் மேல் 'நரி' என்று எழுதி ஒட்டினாள்.

மூன்றாம் நாள் காலை, ஜாங்கிரிப் பொட்டலத்தோடு சுனாமிக் குடியிருப்புக்கு ஓட்டமும் நடையுமாக வந்தாள். பூவம்மாள் வாசலிலேயே நின்றிருந்தாள். கண்கள் சிவந்து, தலை வாராமல் கிடந்தது. சந்தோஷத்தில் இருப்பவர்களுக்கு அதெல்லாம் எங்கே தெரியப் போகிறது?

"அக்கா! நரி மொகத்துல முழிச்சவன்னு சொல்லுவாங்களே, அது நான்தான்! நீங்க குடுத்த உண்ணியில கிருமி இருக்கு!"

"இருக்குதா?" பூவம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"இருக்காவா? எக்கச்சக்கமா இருக்கு! சாருக்குத் தலைகால் புரியல. இன்னும் ஒரு வருஷம் நீட்டிச்சுக் குடுக்கறேன்னுட்டார். எல்லாம் உங்களாலதான். வாயத் தெறங்க, அக்கா."

பூவம்மாள் ஜாங்கிரியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அந்தக் கிருமி ஆளுங்களுக்கு வந்தா இன்னா ஆவும்?"

"பொல்லாத காய்ச்சல்க்கா அது. சாதாக் காய்ச்சல்னு நெனச்சு என்னென்னவோ ஊசி போடுவாங்க. எதுக்கும் கேக்காது. என்ன நோவுன்னு தெரியாமலே ஆள் போயிடும்."

"தெரிஞ்சிட்டா?"

"தெரிஞ்சிட்டா பயமே இல்ல. அதுக்குன்னு மாத்திரை இருக்கு. நாலே நாள்ல எழுந்து உக்காந்துடலாம்."

பூவம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். சிந்துஜாவுக்கும் கண் கலங்கிவிட்டது. யாரோ பெற்ற பெண்ணுக்குப் பட்டம் கிடைக்கப் போவதற்கு இப்படி ஓர் ஆனந்தக் கண்ணீரா! இந்த மாதிரி மனசு யாருக்கு வரும்?

"அழாதீங்கக்கா. அந்த நரி எந்த ஜென்மத்துல எனக்குச் சொந்தமோ, செத்தும் என்னைக் காப்பாத்திட்டுப் போயிருக்கு."

"அய்யோ, அப்படிச் சொல்லாதம்மா!"

பூவம்மாள் வெடுக்கென்று அவள் கையைப் பற்றி வீட்டுக்குள் இழுத்துக்கொண்டு போனாள். உள்ளே, இரண்டு கம்பளிக்கு அடியில், அவள் கணவன் காசிநாதன் கண்ணைத் திறக்க முடியாமல் உதறிக்கொண்டிருந்தான்.

"மொதல்ல அந்த மாத்திர பேரச் சொல்லு டாக்டரம்மா. கூண்டு வெக்க வந்த உங்க ஆளுகிட்ட, இவருக்கும் ரத்தம் எடுத்துப் பாருங்கன்னு கெஞ்சினேன். மனுசங்களுக்கெல்லாம் பாக்க மாட்டோம், காட்டு மிருகத்துக்கு மட்டுந்தான்னுட்டாரு" என்றாள் பூவம்மாள். "அதான், இவரு கழுத்துலேர்ந்து புடுங்கினத நரியோடதுன்னு சொன்னேன்."