மேசைத் துளைக்குக் கீழே

மசாஜ் நிலையத்தின் உரிமத்தைச் சோதிக்க வந்த பெண் அதிகாரி, அங்கே மசாஜ் செய்யும் செங்கமலத்தின் அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தார். படத்தில் இருந்தவள் பூசினாற்போல் இருந்தாள். எதிரே நின்றவளுக்குக் கன்னம் ஒட்டியிருந்தது.

"இது நீங்களா?"

"நான்தான் மேடம்."

அதிகாரி நம்பவில்லை. துண்டைப் போர்த்திக்கொண்டு மசாஜ் மேசையில் எழுந்து உட்கார்ந்திருந்த வசுந்தராவிடம் அட்டையை நீட்டினார். "ஆறு வருஷமா வர்றீங்களாமே. இவங்கதானா, பாத்துச் சொல்லுங்க."

வசுந்தரா குப்புறப் படுத்த பிறகுதான் செங்கமலம் உள்ளே வருவாள். அவர் எழுவதற்குள் போய்விடுவாள். அங்கே அதுதான் வழக்கம். மேசையில் முகம் வைக்கும் துளை வழியாகத் தெரிவது தரையும் இரண்டு பாதங்களும்தான்.

வசுந்தரா குனிந்து பார்த்தார்.

"இவங்கதான். வலது கால் சுண்டுவிரல் மடிஞ்சிருக்கும். போன ஆடி வரைக்கும் மெட்டி போட்டிருந்தாங்க. நடுவுல ஒரு மாசம் வரல. திரும்பி வந்தப்போ மெட்டி விரல் வெறுமனே இருந்துச்சு."

"கார்டுல கால் இல்லையே" என்றார் அதிகாரி. "முகத்தப் பாத்துச் சொல்லுங்க."

வசுந்தரா நிமிரவில்லை. செங்கமலம் ஒரு பாதத்தைத் தூக்கி இன்னொன்றின் மேல் வைத்து மூடினாள். மேலே இருந்த பாதம் தெரிந்துகொண்டே இருந்தது.