கழலாத ஸ்க்ரூ

நாட்டின் சுதந்திரம் ஆண்களின் இடுப்பில் வாழ்கிறது என்பது ஓக்லஹோமாக்காரர் வெர்லனின் கொள்கை. அது நழுவாமல் பிடித்திருந்தவை துப்பாக்கி உறையின் இரண்டு சின்ன ஸ்க்ரூக்கள். போன வருடம் அவை கழன்று, மகள் கேசி வீட்டு சோபாவுக்கடியில் துப்பாக்கி விழுந்தது. அன்றோடு பேத்தி டெல்லாவைப் பார்க்கத் தடை.

இன்று டெல்லாவுக்குப் பிறந்தநாள். வெர்லன் முந்தின நாளே ஸ்க்ரூக்களுக்கு நீலப் பசை தடவி முறுக்கி, இறுகவிட்டு, உறையைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு வந்திருந்தார்.

கேசி வாசலிலேயே மறித்தாள். "அது எங்கப்பா?"

"கார்ல பூட்டி வச்சிட்டேம்மா."

"என் மேல சத்தியமா?"

"பிள்ளை பொறந்தநாளும் அதுவுமா பொய் சொல்வேனா?"

டெல்லாவை முதுகில் ஏற்றிக்கொண்டு கூடமெல்லாம் தவழ்ந்தார். உறை இம்மியும் அசையவில்லை.

"வாராவாரம் வாங்கப்பா" என்ற கேசிக்குக் கண் கலங்கியது.

பாத்ரூம் போய்வந்தவர், சட்டைக்கு மேலாகவே ஸ்க்ரூக்களைத் தடவிப் பார்த்தார். கல் மாதிரி இருந்தன. தன்னைத் தானே மெச்சிக்கொண்டார்.

கேக் வெட்டும் நேரத்தில் டெல்லாவைக் காணோம். பாத்ரூமிலிருந்து குரல் வந்தது.

"அம்மா! தாத்தா எனக்கு வாங்கின பொம்மைய இங்க ஒளிச்சு வச்சிருக்காரு!"

கேசி ஓடினாள். குழந்தையை இறுக்கித் தூக்கிக்கொண்டு திரும்பியவள் வெர்லனின் தொப்பியை எடுத்து நீட்டினாள்.

"கிளம்புங்க. இனிமே வராதீங்க."

"ஏம்மா, கேக்கு..."

உறை இடுப்பில்தான் இருந்தது. உட்காரும்போது உறுத்தியதால், துப்பாக்கியை மட்டும் உருவிக் கழிப்பறை ஃப்ளஷ் தொட்டியின் மூடிமேல் வைத்தவர், எடுக்க மறந்து வந்திருந்தார்.