முய்யி நடவு

இடுப்பு கழன்று சேற்றோடு போய்விடும் போலிருந்தது ஷில்பாவுக்கு. நிமிர்ந்தால் மறுபடி குனிய முடியாது என்று நிமிராமலே நாற்றைக் குத்திக்கொண்டு பின்னால் நகர்ந்தாள்.

வரப்பில் குடை பிடித்து நின்றார் ஜவரேகவுடர். கிராமத்தில் தங்கி வேலை பழக விவசாயக் கல்லூரி அனுப்பிய பிள்ளைகளில், அவர் வீட்டுக்கு வந்து சேர்ந்தவள் ஷில்பா. கண்ணாடி, தொப்பி, மைசூர் ஹாஸ்டல் படிப்பு. "முகத்தப் பாத்தாலே தெரியுது, நம்ம ஆளுங்க" என்று ஊரெல்லாம் சொல்லி, அடுப்படி வரை விட்டிருந்தார்.

"ஐயா, நாளைக்கு லீவு குடுங்க. எங்கம்மா வயல்ல நாத்து முத்திப்போச்சு. இன்னும் விட்டா மாட்டுக்குத்தான் போடணும். நட ஆள் கிடைக்கல."

"என் நடவு முடியட்டும் தாயி. நல்லா வேலை செஞ்சேன்னு உங்க காலேஜுக்கு நான்தானே சொல்லணும்?"

"அப்ப செஞ்ச வேலைக்குக் கூலியாவது குடுங்க. ஆள் வெச்சு நட்டுக்கறோம்."

வரிசையில் நட்டுக்கொண்டிருந்த பெண்கள் கை ஓயாமல் காதைக் கொடுத்தார்கள். கவுடரிடம் கூலி என்ற சொல்லை இவ்வளவு சத்தமாக அவர்கள் கேட்டதில்லை.

அதற்குள் கவுடரின் மனைவி நிங்கம்மா மோர் கொண்டுவந்தாள். ஷில்பாவுக்கு மட்டும் எவர்சில்வர் டம்ளர். வாய்க்காலில் கையலம்பி வந்தவள் அதைக் கவனிக்கவில்லை. குனிந்து இரண்டு கைகளையும் குவித்து வாயருகே பிடித்தாள்.

"டம்ளர் இருக்கேம்மா."

"வயல்ல நின்னா கை தானா இப்படிப் போகுதும்மா. ஊத்துங்க."

பக்கத்து வரிசையில் நட்டுக்கொண்டிருந்த கெம்பி ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டாள்.

கவுடர் தொண்டையைச் செருமினார். "என் வீட்ல சோறு தின்ன பொண்ணுக்குக் கூலி அளந்தேன்னா ஊர் சிரிக்கும். இது கூலி இல்ல, முய்யி. இன்னிக்கு நீ என் வயல்ல எறங்குன, நாளைக்கு என் வீடு உன் வயல்ல எறங்கும்."

கெம்பிக்குச் சிரிப்பு வந்தது. "படிச்ச பொண்ணு கவுடரே. எழுதி வாங்கிக்கப் போகுது."

"எழுத வேண்டாங்க்கா, வாயால சொன்னா போதும்" என்றாள் ஷில்பா. அந்தப் பக்கத்தில் கூலியை இழுத்தடித்தவன் உண்டு. முய்யியைத் திருப்பாதவன் இல்லை. திருப்பாதவன் வயலில் அப்புறம் யார் காலும் படாது.

"முய்யிக்குக் கூலியாள அனுப்பக் கூடாது. வீட்டு ஆளுங்கதான் வரணும். சரிதானே ஐயா?"

"என் மருமகளுங்க ரெண்டு பேரும் வருவாங்க. போதுமா?" என்று சிரித்தார் கவுடர். மைசூர்ப் பக்கம் எங்கேயோ கிடக்கிற வயல். வண்டி வாடகைக்குப் பயந்து இவளே கேட்கமாட்டாள் என்பது அவர் கணக்கு.

"கங்கம்மா கோயில் மேல ஆணையா?"

"ஆணைதான். இத்தன பேர் சாட்சி. நம்ம ஜனங்களுக்குள்ள வாய் மாறுமா? எந்த ஊருன்னு மட்டும் சொல்லு தாயி."

ஷில்பா கையிலிருந்த நாற்று முடியைச் சேற்றில் வைத்தாள். இடுப்பில் கையை ஊன்றி, வலியோடு முழுசாக நிமிர்ந்து நின்றாள்.

"ஹுலிகெரே. ஊருக்கு வெளிய, சேரியில கடைசி வீடு. ஒரு நாள் நடவு உங்க வீட்டுக் கடன், கவுடரே."