வாய்ச்சொல் போதும்

யார்க்‌ஷர் குன்றுகளில் இப்போதெல்லாம் யாருக்கும் வாயைத் திறந்து பேச நேரமில்லை. மந்தை ஓட்டும் நாயிடம்கூட விசில்தான். வில்ஃப் கிழவருக்கு அதைக் கண்டாலே எரிச்சல்.

"கம் பை!" என்று கத்தினார். அவருடைய நாய் ஜெஸ் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, ஆடுகளை இடப்பக்கமாக வளைத்துக்கொண்டு ஓடியது. "கெட் பேக்!" என்றார். ஆடுகளை விட்டு விலகி நின்றது.

"பாத்தியா? இதைப் போய்க் கிழட்டு நாய், யாருக்காவது குடுத்துடலாம்ங்கிறான் என் மகன்!" பின்னால் கல்சுவரோரம் நின்ற மருமகள் மேகனை முறைத்தார். "நீ எதுக்குத் தினமும் வந்து நிக்கிறே? வேவு பாக்க அனுப்பினானா?"

"காத்து வாங்க வந்தேன் மாமா."

"மழையிலயா?"

ஆட்டின் காலைப் பார்க்க வந்த கால்நடை மருத்துவர், போகிற போக்கில் ஜெஸ்ஸின் பின்னால் நின்று பலமாகக் கைதட்டினார். அது திரும்பவே இல்லை.

"இதுக்குச் சுத்தமா காது கேக்கல பெரியவரே. ஆறு மாசமாவது ஆகியிருக்கும்."

"யோவ், இப்பத்தான் என் பேச்சைக் கேட்டு மந்தையையே மடக்குச்சு! முதல்ல உம்ம காதைப் பாரும்."

மேகன் தலைகுனிந்தாள். "நீங்க கத்துறப்போ நான் பின்னாடி நின்னு அதுக்குக் கையால சைகை காட்டுவேன் மாமா. ஜெஸ் போயிட்டா நீங்களும் குன்று ஏறுறதை விட்டுடுவீங்களேன்னு..."

வில்ஃப் அவளையும் நாயையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அதுக்குக் காதெல்லாம் நல்லாக் கேக்கும்," என்று தடியை எடுத்துக்கொண்டு நடந்தார். சற்றுத் தூரம் போனதும், திரும்பாமலே சொன்னார்:

"நீ வேணும்னா நாளைக்கும் காத்து வாங்க வா."