மணி அடித்தால் யார் இறங்குவது

லிஃப்டில் மணி அடித்தது.

எல்லோரும் பீப்பாவைத்தான் பார்த்தார்கள்.

மணி அடித்தால் பீப்பா இறங்கவேண்டும். அந்த ஆபீஸில் அது எழுதாத சட்டம். சுமை கூடினால் மணி அடிக்கும், கதவு மூடாது. பீப்பா ஒரு சிரிப்பைச் சிரித்துவிட்டு வெளியே காலை வைப்பார். மணி நின்றுவிடும். மற்றவர்கள் ஏழாம் மாடிக்குப் போவார்கள். அவர் படியேறி, வியர்த்து வழிந்து போய்ச் சேரும்போது அவர்கள் தேநீர் குடித்து முடித்திருப்பார்கள்.

ஆனால் இன்றைக்கு மணி அடித்திருக்கவே கூடாது.

பாவம், அந்த மனிதர் மாதக்கணக்காக ரொட்டியைத் தொடவில்லை. சோறு இல்லை, உருளைக்கிழங்கு இல்லை, சர்க்கரை இல்லை. முட்டை, மீன், கீரை, மறுபடியும் முட்டை. தூக்கத்தில் தலையணையைக் கடித்து, "வெண்ணெய் எங்கே?" என்று கேட்டிருக்கிறார்.

ஒரே ஒரு நாளாவது, ஏறிய லிஃப்டில் நின்றபடியே மேலே போகவேண்டும். அவ்வளவுதான் அவர் ஆசை. அதை யாரிடமும் சொல்லவில்லை. மனைவியிடம்கூட, டாக்டர் இளைக்கச் சொன்னார் என்றுதான் சொல்லிவைத்திருந்தார்.

எதற்கெடுத்தாலும் மல்லுக்கு நிற்கிற அந்த அம்மாள், இதற்கு மட்டும் மறுபேச்சுப் பேசவில்லை. அவருக்கு ஒரு சின்ன டப்பாவில் முட்டையும் கீரையும் வைத்தாள். கூடவே ஒரு பெரிய டப்பாவையும் கொடுத்துவிட்டாள். வெண்ணெய் ரொட்டி, வறுத்த உருளைக்கிழங்கு, சர்க்கரை தூவிய பன்.

"நீங்க சாப்பிடலைன்னா என்ன, ஆபீஸ்ல அவங்க சாப்பிடட்டுமே."

அவர்கள் சாப்பிட்டார்கள். நன்றாகவே சாப்பிட்டார்கள்.

தலைமைக் கணக்கர் பன்னை மென்றுகொண்டே ஆலோசனையும் சொல்வார். "மாவுச்சத்தை விட்டா முதல்ல இறங்குறது வெறும் தண்ணிதான்யா. பொறுத்திருந்து பாரு, எல்லாம் திரும்பி வந்து உட்காரும்."

திரும்பி வரவில்லை. இறங்கிக்கொண்டேதான் இருந்தது. காலைக்கடன் கஷ்டமாகிப்போனது, கோபம் பொத்துக்கொண்டு வந்தது, ஒருநாள் ஜெராக்ஸ் மெஷினை "நன்றிகெட்டவனே" என்று திட்டிவிட்டார். டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்து, சர்க்கரை இறங்கியிருக்கிறது, கொழுப்பு கொஞ்சம் ஏறியிருக்கிறது, இதையே காலத்துக்கும் இழுக்காதீர்கள் என்றார். இளைத்தது ரொட்டியை விட்டதாலா, இல்லை, லிஃப்டுக்குப் பயந்து தினமும் ஏழு மாடி ஏறியதாலா என்று பீப்பா கேட்டபோது, டாக்டர் பேனாவை மூடிவைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்தார்.

எப்படியோ இளைத்தாயிற்று. இன்று காலை விசிலடித்துக்கொண்டே ஷூவுக்குப் பாலிஷ் போட்டார். நெடுநாளைக்குப் பிறகு லிஃப்டில் ஏறினார்.

மணி அடித்துவிட்டது.

"அண்ணா, வழக்கம்போல நீங்க கொஞ்சம் இறங்கிக்கங்களேன்" என்றாள் டைப்பிஸ்ட்.

தின்னாத ரொட்டியெல்லாம் ஒன்றாக வந்து பீப்பாவின் கண்முன் நின்றது. சிரிக்க முயன்றார். வரவில்லை. வெளியே காலை வைத்தார்.

மணி நிற்கவில்லை.

ஆபீஸ் சரித்திரத்தில் முதல்முறையாக, அவர் வெளியே நிற்க, மணி அடித்துக்கொண்டிருந்தது.

"ஐயையோ, லிஃப்ட் கெட்டுப்போச்சு! நேத்து வரைக்கும் ஒழுங்காத்தானே போச்சு!" என்றான் தபால் பிரிவுக் குச்சி. ஒரு காலத்தில் குச்சியாக இருந்தவன். இப்போது கதவுக்குள் பக்கவாட்டில் திரும்பித்தான் நுழைகிறான்.

டைப்பிஸ்ட் கைப்பையை வெளியே வைத்தாள். பிறகு செருப்பையும் கழற்றி வைத்தாள். குச்சி மூச்சை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொண்டான். தலைமைக் கணக்கர், கனமாக ஏதாவது நினைத்தால் எடை கூடிவிடும் என்பதுபோலக் கண்ணை மூடிக்கொண்டார். அவர் சட்டையின் நடுப் பித்தான் அறுந்து, மணிக்குத் தாளம் போட்டபடி உருண்டு, பீப்பாவின் பாலிஷ் போட்ட ஷூவில் வந்து முட்டி நின்றது.

எல்லோரும் இப்போது தலைமைக் கணக்கரைப் பார்த்தார்கள்.

அவர் இறங்கினார்.

மணி நின்றது.

பீப்பா பயந்து பயந்து ஒரு காலை உள்ளே வைத்தார். பிறகு மறுகாலையும் வைத்தார். சத்தமே இல்லை. டைப்பிஸ்ட் கைப்பையையும் செருப்பையும் எட்டி எடுத்துக்கொண்டாள்.

கதவு மூடுகிற இடைவெளியில் தலைமைக் கணக்கர் தெரிந்தார். சட்டையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார். அது பீப்பாவுக்கு நன்றாகத் தெரிந்த சிரிப்பு. எத்தனையோ வருஷம் அவருடைய முகத்தில் குடியிருந்த சிரிப்பு. அதை உள்ளே நின்று பார்த்தால் இப்படித்தான் இருக்குமா?

லிஃப்ட் மேலே போனது. ஆசைப்பட்டதுபோலவே நின்றபடி போனார். சந்தோஷம் மட்டும் படியேறி வருகிறதோ என்னவோ, வந்துசேரவில்லை.

சட்டைப்பையில் போன் அடித்தது. மனைவிதான். தினமும் இந்த நேரத்துக்கு "போய்ச் சேந்துட்டீங்களா?" என்று கேட்பாள்.

இன்று அதைக் கேட்கவில்லை.

"யாருங்க இறங்குனா?"

அவர் லிஃப்ட் விஷயத்தை வீட்டில் ஒருநாளும் வாய்திறந்து சொன்னதில்லை. அவர் ரொட்டியை விடுவதற்கு முன்னால், மறந்துவைத்த கண்ணாடியைக் கொடுக்க ஒரே ஒருமுறை ஆபீஸுக்கு வந்தவள், கீழே மணி அடித்துக்கொண்டிருந்த லிஃப்டுக்கு எதிரே கொஞ்சநேரம் நின்றுவிட்டு, கண்ணாடியைக் காவலரிடம் கொடுத்துத் திரும்பிவிட்டாள் என்று சொன்னார்கள்.

கையிலிருந்த பெரிய டப்பாவைப் பார்த்தார். நேற்றைவிடக் கனமாக இருந்தது. இன்னும் சூடு ஆறவில்லை.